பனையின் தலையில் கோயில்

“பனையின்ர தலையில கோயில் முளைக்குமா அப்பா?”

ஒரு குழந்தை ஒரு காலத்தில் இப்படிக் கேட்டது. கேட்டதோடு நில்லாமல், சித்திரக் கொப்பித் தாளின் அடியில் பென்சிலால் எழுதியும் வைத்தது. தாளின் மேற்பாதியில் பெரியவர் ஒருவரின் கை வரைந்த படம் இருந்தது. நெட்டைப் பனை ஒன்று. அதன் ஓலைகளுக்கு நடுவிலிருந்து மாதா கோயிலின் கோபுரமும் சிலுவையும் எழும்பி நின்றன. பக்கத்தில் கூன் விழுந்த கட்டைப் பனை ஒன்று, தலையில் ஒன்றுமில்லாமல், கோபித்துக்கொண்ட தம்பியைப் போல ஒதுங்கி நின்றது.

அந்தத் தாள் இப்போது ஸ்கந்தபுரத்தில், ஜனார்த்தனன் என்ற இளைஞனின் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ராஜினி அதன் முன்னால் ஐந்து நிமிடமாக நின்றாள்.

“படம் பாக்க உங்களைக் கூப்பிடேல்ல,” என்றான் ஜனார்த்தனன் கடுகடுப்பாக. “களவு போனதைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டனான்.”

ராஜினி கோபிக்கவில்லை. நில அளவைக் கந்தோரில் இருபது வருடம் வரைபடம் கீறியவள் அவள். காணிச் சண்டைக்காரர்களின் ஏச்சைக் கேட்டுக் காது பழகிவிட்டது. வேலையை விட்ட பிறகு கிளிநொச்சியில் ஒரு சின்ன அறை எடுத்து, காணாமல்போன மாடு, எல்லைக்கல், மனிதர் என்று தேடிக் கொடுத்து வந்தாள். கைப்பையில் இன்னும் அளவுநாடா இருந்தது.

“என்ன போனது எண்டு திரும்பச் சொல்லும்.”

“ஒரு சித்திரக் கொப்பி. திங்கட்கிழமை இந்த மேசையில இருந்து போனது. அதில இருந்து கிழிஞ்ச இந்தத் தாள் அண்டைக்குச் சட்டம் போடுற கடையில இருந்ததால தப்பிச்சுது.”

“பக்கத்தில லப்டொப் இருந்ததோ?”

“இருந்தது. அதைத் தொடவே இல்லை. கொப்பி இருந்த இடத்தில ஒரு பார்சல் கருவாடு கிடந்தது.”

வாசற்படியில் நின்ற மெல்ரொன் தலையை நீட்டினான். ராஜினியின் உதவியாளன், ஓட்டோக்காரன், வாய்க்காரன் மூன்றும் அவன்தான். “அக்கா, சாமானை எடுத்துக்கொண்டு போற கள்ளரைக் கண்டிருக்கிறன். கறிக்கு வைச்சிட்டுப் போற கள்ளரை இப்பதான் காணுறன். எங்கட வீட்டு விலாசத்தையும் ஒருக்கா குடுத்து விடுங்கோ.”

ஜனார்த்தனன் சிரிக்கவில்லை. போனை எடுத்து நீட்டினான். செவ்வாய்க்கிழமை தொடங்கி ஒவ்வொரு நாளும், அவனுடைய முகநூல் பக்கத்துக்கு, பெயரில்லாத கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. எல்லாம் ஒரே பாணி. *கள்ளப் படம் போட்டு ஏமாத்திறியோ? சனிக்கிழமைக்கு முன்னம் சரியான படத்தைப் போடு. இல்லாட்டி வரையிற கையை முறிப்பம்.*

“விமர்சகர்மார்,” என்றான் மெல்ரொன். “கொஞ்சம் கடும்போக்கு. ஆனால் படத்தை ஆழமாப் பாத்திருக்கினம்.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை!” ஜனார்த்தனன் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டான். “மூண்டு வருச வேலை. சனிக்கிழமை கேம் வெளிய வருது. கொப்பி இல்லாட்டியும் பரவாயில்லை, படமெல்லாம் லப்டொப்பில ஏத்தி வைச்சிருக்கிறன். ஆனால் இந்தக் கை இல்லாட்டி நான் என்ன செய்யிறது? உங்கட ஓட்டோவில எத்தினை தரம் வந்திருப்பன், நீங்களே இப்பிடிச் சிரிச்சால்?”

மெல்ரொன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கேமைக் காட்டும்,” என்றாள் ராஜினி.

கேமின் பெயர் ‘தலை மாறிய ஊர்’. சுடுவதும் இல்லை, ஓட்டப்பந்தயமும் இல்லை. விளையாடுபவர் ஒரு விசித்திரமான ஊருக்குள் நடந்து போகவேண்டும். அங்குள்ள பொருட்களிடம் பேசி, வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

“சர்ரியலிசம்,” என்றான் ஜனார்த்தனன். அந்தச் சொல்லைச் சொன்னதும் முகத்திலிருந்த கடுப்பு கொஞ்சம் இளகியது. “நூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவில தொடங்கின ஓவிய முறை. சேராத ரெண்டு பொருளைக் கனவில வாற மாதிரிச் சேர்த்து வரையிறது. இப்ப அந்த ஓவியங்களைப் பாத்து வெளிநாட்டில கேம் செய்யிறாங்கள். படத்துக்கு வெளிய நிண்டு பாக்காமல் உள்ளுக்க போய் நடக்கலாம். நூலகத்தில ஒரு பழைய புத்தகத்தில அந்தப் படங்களைப் பாத்த நாளில இருந்து எனக்கு வேற நினைப்பில்லை.”

திரையில் ஒரு மாடு வந்தது. அதன் வயிற்றில் ஒரு கதவு.

“நல்ல ஏற்பாடு,” என்றான் மெல்ரொன். “பால்காரர் தட்டிப்போட்டு உள்ளுக்க போகலாம்.”

அடுத்து ஒரு பஸ். யன்னலெல்லாம் தண்ணீர், உள்ளே மீன்கள் கம்பியைப் பிடித்தபடி நின்றன.

“இது கனவில்லைத் தம்பி. காலமை ஏழரை பஸ்.”

பிறகு கூனல் பனை வந்தது. அதன் தலையில் மாதா கோயில். அதற்குப் பின்னால் நான்கு கால் தண்ணீர்த் தாங்கி ஒன்று, தலையில் தொலைபேசிக் கோபுரத்தைக் கொம்பு போலச் சூடிக்கொண்டு, வயல்வெளியில் அசைந்து அசைந்து நடந்து வந்தது.

ராஜினி மெல்ரொனின் பகிடிக்காகக் காத்திருந்தாள். மெல்ரொன் வாசலுக்குத் திரும்பினான். வெளியே ஆட்டைப் பார்த்தான்.

“இந்த ரெண்டும்தான் கொப்பியில இருந்து எடுத்தது,” என்றான் ஜனார்த்தனன். “மாங்குளம் சந்தியில கடலை வாங்கினனான். சுருளைப் பிரிச்சால் இந்தப் பனைப் படம். ஓடிப்போய் மிச்சக் கொப்பியையும் கடலைக்காரரிட்ட வாங்கினன். ஆர் வரைஞ்சது எண்டு தெரியாது. எங்கட மண்ணில இருந்த பெரிய சர்ரியலிஸ்ட் ஒருத்தர். பேர் தெரியாமலே போட்டார்.”

“சுவரில இருக்கிறது நெட்டைப் பனையில கோயில். கேமில கூனல் பனையில இருக்கு?”

“அது நான் மாத்தினது. கூனல் பனையில வைச்சால்தான் இன்னும் கனவு மாதிரி இருக்கும். ரெண்டு கிழமைக்கு முந்தி சின்ன வீடியோ ஒண்டு விட்டனான். இந்த ரெண்டு படமும் அதில வந்தது. எல்லாருக்கும் பிடிச்சுது.”

“ஒருத்தருக்குப் பிடிக்கேல்லையே.”

தேநீர்த் தட்டோடு அவனுடைய தாய் அழகம்மா வந்தாள். மலையகத்திலிருந்து ஐம்பது வருடத்துக்கு முன் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பம்.

“திங்கட்கிழமை ஆரும் வந்தவையோ அம்மா?” என்று கேட்டாள் ராஜினி.

“யாரும் வரலீங்களே. கருவாட்டுக்காரம்மா ஒண்ணு வந்துச்சு, முல்லைத்தீவுக் கரையாம். வெயில்ல மூஞ்சி கறுத்துப்போய் நின்னுச்சு, பாவம். தேத்தண்ணி குடுத்து இந்த ரூம்ல ஃபேன் போட்டு உக்கார வச்சேன். நான் ஆட்டைப் புடிச்சுக் கட்டிட்டு வர்றதுக்குள்ள போயிருச்சு.”

“அம்மா!” என்று கத்தினான் ஜனார்த்தனன். “அதை ஏன் சொல்லேல்ல?”

“யாரும் வந்தாங்களான்னு கேட்டே. தாகத்துக்கு வந்ததையா கேட்டே?”

ராஜினி எழுந்தாள். “கள்ளர் பிடிபட்டாச்சு. ஆனால் அவாவுக்கும் இந்தச் செய்திகளுக்கும் சம்பந்தமில்லை. அவா வீடு தேடி வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போட்டா. படத்தைப் போடு எண்டு மிரட்டத் தேவையில்லை. கொப்பி எடுத்தது ஒராள். கையை முறிக்க நிக்கிறது வேறாள்.”

“அப்ப ரெண்டு பேர் எனக்கு எதிரி.”

“ஒண்டரை,” என்றாள் ராஜினி. “கருவாடு வைச்சவவை முழு எதிரியாக் கணக்கெடுக்க ஏலாது.”

*

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஓட்டோ ஓடியது. விசுவமடுவில் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். கடைக்காரர் கண்ணாடிக் குவளையை மேசையில் வைக்காமல் எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வெயிலுக்கு அன்று எல்லாருக்கும் எல்லார் மேலும் கோபம்.

ராஜினி வாங்குப் பலகையில் இருந்தபடி வீதியைப் பார்த்தாள். மெல்ரொன் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், வீதிக்கு அந்தப் பக்கம், ஒரு மின்கம்பம்.

அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

“மெல்ரொன், அசையாதை!”

“ஏன் அக்கா? பாம்போ?”

“உன்ர தலையில மின்கம்பம் முளைச்சிருக்கு.”

“அது நேத்து உங்களோட கதைச்சதில முளைச்சதாயிருக்கும்.”

“ஒரு அடி இடப்பக்கம் தள்ளு.” அவன் தள்ளினான். கம்பம் அவன் தலையை விட்டு இறங்கி, தன் பாட்டுக்குத் தனியே நின்றது. “திரும்ப வா.” திரும்பவும் தலையில் முளைத்தது.

ராஜினி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பையிலிருந்து தாளை எடுத்தாள். இரண்டு கோடு கீறினாள். நில அளவையில் அவள் இருபது வருடம் செய்தது இதைத்தான். இரண்டு அடையாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஒரு கோடு. இன்னும் இரண்டு விழுந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளியில்தான் பார்ப்பவன் நிற்கிறான். வேறெங்கும் நிற்க முடியாது.

“அது கனவில்லை,” என்றாள் மெதுவாக. “பனையின்ர தலையில கோயில் முளைக்கிறது ஒரேயொரு கோட்டில நிண்டு பாக்கிறவனுக்குத்தான். தாங்கிக்குக் கொம்பு முளைக்கிறது இன்னொரு கோட்டில. கருவாடு விக்கிறவா தேடி வந்த படமெண்டால் அதில இருக்கிறது கரைச் சாமான். அதை இப்பிடிப் பாக்க வேணுமெண்டால் பாக்கிறவன் எங்க நிக்க வேணும்?”

மெல்ரொன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். ஓட்டோவை இயக்கினான்.

“கடலில,” என்று அவளே சொல்லிக்கொண்டாள். “வள்ளத்தில. கடல் தெரியாத சனமெல்லாம் விசித்திரமான ஓவியம் எண்டு பாராட்டிக்கொண்டிருக்க, கரைச் சனம் அதை விலாசம் மாதிரி வாசிச்சிருக்குது.”

*

கடற்கரையில் வலைகள் விரித்துக் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்து கிழிசல்களைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, பிளாஸ்ரிக் கதிரையில், வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டி பரமலிங்கம் இருந்தார். ஓட்டோ நின்றதும் ஒருவரும் நிமிரவில்லை. ஒருவன் மட்டும் எழுந்து வந்து, அவர்கள் கண் முன்னாலேயே, முன்சில்லின் காற்றைத் திறந்துவிட்டான்.

“தம்பி, பின்சில்லுகள் ரெண்டும் மனவருத்தப்படும்,” என்றான் மெல்ரொன். அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

“கருவாடு விக்கிற ஒரு அம்மாவைத் தேடி வந்தனாங்கள்,” என்றாள் ராஜினி.

சம்மாட்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீர் ஆர்? அந்தப் படக்காரப் பெடியன் அனுப்பின ஆளோ?”

“நான் படத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே.”

வலை பொத்திய கைகள் நின்றன. சம்மாட்டியின் முகம் இறுகியது.

ராஜினி குனிந்து வலையைத் தொட்டாள். கிழிசல் நீளமாக இருந்தது. ஓரங்களில் துரு ஒட்டியிருந்தது. “புது வலை. இரும்பில மாட்டிக் கிழிஞ்சிருக்கு. கடலுக்கடியில பழைய கப்பல் ஏதும் கிடக்குதோ?”

“உமக்கென்ன? வந்த வழியால போம். இல்லாட்டி ஓட்டோவைத் தூக்கிக் கடலுக்க விடுவம்.”

“போறன். போக முன்னம் ஒரு கதை சொல்லுறன். ஒருத்தரின்ர மீன் கிடக்கிற இடம் போனில படமா வருது. இன்னொருத்தர் அதைப் பாக்கிறார். கோயில் கூனல் பனையில ஏறுமட்டும் வள்ளத்தை ஓட்டுறார், வலையை விடுறார். ஆனால் படம் வரைஞ்ச பெடியன் அழகுக்காகப் பனையை மாத்திப் போட்டான். கீழ மீன் இல்லை, கப்பல். இப்ப அந்த மனுசன் சரியான படம் கேட்டு மிரட்டுறார். பொலிசுக்குப் போக ஏலாது. போனால், மற்றவற்ற இடத்தில உனக்கென்ன வேலை எண்டு ஊரே கேக்கும்.”

பொத்திக்கொண்டிருந்தவர்களில் ஒரு கிழவர் சிரிப்பை அடக்க இருமினார். சம்மாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார், இருமல் நின்றது.

“படம் வருமோ வராதோ?” என்றார் அடிக்குரலில்.

“வராது. சரியானதும் வராது, பிழையானதும் வராது. ஆனால் அந்தப் பெடியன்ர கையில ஒரு கீறல் விழுந்தாலும், இந்த வலை எங்க கிழிஞ்சது எண்டு நான் படம் கீறிக் கோயில் வாசலில ஒட்டுவன். நான் அழகுக்காக ஒண்டையும் மாத்த மாட்டன்.”

சம்மாட்டி கிழிந்த வலையைக் காலால் ஒதுக்கினார். பிறகு கையை அசைத்தார். காற்றைத் திறந்தவனே பம்பைக் கொண்டுவந்து அடித்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஓட்டோ புறப்பட்டதும் மெல்ரொன் கேட்டான்: “படம் வராது எண்டு வாக்குக் குடுத்திட்டியள். பெடியன் ஒத்துக்கொள்ளாட்டி?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன். நீ ஓட்டு.”

அவன் ஓட்டினான். இரண்டு ஒழுங்கை தாண்டி, மூன்றாவதில் திரும்பி, தகரப் படலைக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன் நிறுத்தினான். ராஜினி அவனைப் பார்த்தாள். பிறகு இறங்கிப் படலையைத் தட்டினாள்.

*

படலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “கொப்பி தர மாட்டன். பொலிசைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அது என்ர மனுசன்ர.”

“கொப்பி கேட்டு வரேல்ல அம்மா. கருவாட்டுக்கு நன்றி சொல்ல வந்தனாங்கள்.”

உள்ளே கயிறு அவிழ்ந்தது. படலை திறந்தது. அங்கே நின்ற சுசிலா என்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்களில் பயமும் கோபமும் ஒன்றாக இருந்தன.

“அந்த அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்தவா. அவான்ர வீட்டில பதிலுக்கு ஒண்டும் வைக்காமல் எடுத்துக்கொண்டு வர எனக்கு ஏலாமல் போச்சு,” என்றாள். “களவுதான். பாவசங்கீர்த்தனத்தில சாமியாரிட்டச் சொல்லிப்போட்டன். ஆனால் திருப்பித் தர மாட்டன்.”

அவளுடைய கணவர் யோசெப் போன வருடம் காலமானார். மகள் கம்சா ஆறு வயதில் ஒருநாள் அவரோடு வள்ளத்தில் போயிருந்தாள். பனையில் கோயில் முளைக்குமா என்று கேட்டவள் அவள்தான். யோசெப் அவளுக்குப் பதில் சொல்ல அவளுடைய சித்திரக் கொப்பியிலேயே வரைந்தார். பிறகு அதே கொப்பியில், தான் இருபத்தைந்து வருடமாகக் கண்டுபிடித்து வைத்திருந்த இடங்களையெல்லாம் வரைந்தார். பிள்ளையின் பள்ளிக் கொப்பியை எவன் திறந்து பார்க்கப் போகிறான் என்பது அவருடைய நினைப்பு. அந்த நினைப்புத்தான் வினையானது. நான்கு வருடத்துக்கு முந்திய மார்கழி வெள்ளத்தில் வீடு நனைந்தபோது, கம்சாவின் பழைய பள்ளிக் கொப்பிகள் என்று கட்டி, சுசிலாவே பழைய பேப்பர்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். யோசெப்புக்கு இடமெல்லாம் மனப்பாடம், அதனால் அவர் இருந்தவரை குறை தெரியவில்லை.

“இப்ப மருமகன் அந்த வள்ளத்தில போறார். பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச பிள்ளை, கடல் தெரியாது. கொப்பியைப் பாத்துத்தான் போக வேணும். பெரிய பாருக்கு ஒரு கோடுதான் இருக்கு. கொம்பு வைச்ச தாங்கி. மற்றக் கோடு இருந்த தாள் இல்லை. முதல் தாள்.” கடலுக்கடியில் மீன் கூடுகிற கல்லுத்திட்டைத்தான் அவள் பார் என்றாள். “அது இல்லாட்டி எங்களுக்கு அந்தப் பார் இல்லை. ரெண்டு மாசமா மண்ணெண்ணெய்க்குக் கூட மீன் படேல்ல.”

முதல் தாள் எங்கே தொங்குகிறது என்று ராஜினிக்குத் தெரியும். ஆனால் அது அவளுடையதல்ல.

“ஒரு கேள்வி அம்மா. அந்த வீடியோவில பெடியன்ர பேர் மட்டும்தான் இருந்தது. ஸ்கந்தபுரத்தில அந்த வீட்டை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

சுசிலா நிலத்தைப் பார்த்தாள்.

“நீங்கள் சொல்ல வேண்டாம்,” என்றாள் ராஜினி. “மெல்ரொன், நீ சொல்லு.”

மெல்ரொன் ஓட்டோப் பக்கம் ஒதுங்கினான்.

“மாட்டுக்குப் பகிடி விட்டாய், பஸ்ஸுக்குப் பகிடி விட்டாய். கொம்பு வைச்ச தண்ணித் தாங்கி நடந்து வருது, நீ ஆட்டைப் பாத்தாய். உனக்குக் காய்ச்சலெண்டாலும் அதை விட்டிருக்க மாட்டாய். பெடியன் உன்ர ஓட்டோவிலதான் போய் வாறவன். இப்ப ஒருத்தரிட்டையும் வழி கேக்காமல் இந்தப் படலையில கொண்டுவந்து நிப்பாட்டினாய். கள்ளருக்கு வழி காட்டினது என்ர உதவியாளர்தான்.”

அவன் ஓட்டோவின் கைபிடியைப் பிடித்தபடி நின்றான். பேசியபோது அவன் குரல் வேறாக இருந்தது.

“இருபது வயசில நானும் கடலுக்குப் போனனான் அக்கா. யோசெப் அண்ணைக்குப் பின்னால ஒளிச்சுப் போய் அவற்ற இடத்தைக் கண்ணால எடுத்தன். அடுத்த நாள் தனியப் போய் வலை விட்டன். அள்ளினன். வரேக்க எஞ்சினில எண்ணெய் முடிஞ்சு போச்சு. நீரோட்டம் இழுக்குது. அவர்தான் வந்தார். வலையைப் பாத்தார், மீனைப் பாத்தார். ஏசுவார் எண்டு நிண்டன். அஞ்சு லீற்றர் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கித் தந்தார். ‘எண்ணெயைத் திருப்பித் தா. இடத்தைத் திருப்பித் தர ஏலாது, அது உன்ர கண்ணுக்க போட்டுது. வாய்க்கு வர விடாதை’ எண்டார். அவ்வளவுதான்.”

“எண்ணெயைத் திருப்பிக் குடுத்தியோ?” என்றாள் ராஜினி.

“அடுத்த கிழமை சண்டையில இடம்பெயர்ந்தம். பிறகு நான் கடலுக்குப் போகேல்ல. அவற்ற முகத்தைப் பாக்க வெக்கம். பிறகு செத்த வீட்டுக்குத்தான் வந்தன்.” மூக்கை உறிஞ்சினான். “படத்தைக் கண்டவுடன எனக்கு விளங்கிச்சுது. உங்களுக்குச் சொன்னால் வாய்க்கு வந்த மாதிரி. அதுதான் சுசிலாக்காவுக்கு வீட்டை மட்டும் சொன்னன். இடத்தைச் சொல்லேல்ல. இண்டைக்கும் சொல்லேல்ல. வேலையை விட்டு நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ.”

ஒருவன் செய்த பிழையை மற்றவன் கண்டும் வாயைத் திறக்காமல் விட்டுவிடுவது சின்னக் காரியந்தான். ஆனால் ஆண்டவர் அப்படியான சின்னக் காரியங்களில்தான் மனிதரைக் கட்டி வைத்திருக்கிறார்.

“பிறகு பாப்பம்,” என்றாள் ராஜினி. “இப்ப ஓட்டோவை எடு.”

*

“முடியாது,” என்றான் ஜனார்த்தனன், வெள்ளிக்கிழமை காலை. “காசு குடுத்து வாங்கினது. மூண்டு வருசம் இந்தப் படத்தைச் சுத்தித்தான் கட்டியிருக்கிறன். ஊருக்குள்ள போற வாசலே இந்தப் பனைதான். நாளைக்கு வெளியீடு. நீங்கள் ஆர் வாக்குக் குடுக்க?”

“பிழைதான். உம்மைக் கேக்காமல் குடுத்தனான்,” என்றாள் ராஜினி. “உம்முடைய ஓவியர் கனவு காணேல்லத் தம்பி. கண்ணால பாத்தவர். பாத்த இடத்தில அவற்ற வீட்டுச் சோறு இருக்கு. தாள் உம்முடையது. நான் எடுக்க மாட்டன்.”

அவள் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். வாசலில் மெல்ரொன் நின்றான். அழகம்மா மகனுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்தாள்.

“நாலு நாளா அந்தம்மா கருவாடுதான்டா திங்கிறே,” என்றாள். “நல்லாருக்குன்னு நேத்துச் சொன்னே.”

ராஜினியின் குவளையை எடுத்துக்கொண்டாள். ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டாள்.

ஜனார்த்தனன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தான். முற்றத்தில் குனிந்து நின்ற தாய் நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வேலியோரத்தில் ஒரு இளந்தென்னை. அவன் ஒரு கண்ணை மூடினான். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தான். மறுபடி நேரானான்.

“அம்மா, அசையாதேங்கோ!” என்று கத்தினான்.

“என்னடா, பாம்பா?”

அவன் பென்சிலைத் தேடினான். பாதி வரைந்தபின் எழுந்து, சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி, தாளை உருவி, ராஜினியிடம் முகம் பாராமல் நீட்டினான்.

“கேமில இருந்து பனையையும் தாங்கியையும் எடுக்கிறன். இருக்கிறது ஒரு நாள்தான். சத்தம் போடாமல் போங்கோ ரெண்டு பேரும்.”

ஓட்டோவில் ஏறியதும் ராஜினி தாளை உறையில் போட்டு மெல்ரொனின் மடியில் வைத்தாள். “எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கு. இதை நீ எங்கயாவது துலைச்சுவிடு. எங்க எண்டு எனக்குச் சொல்லாதை.”

அவன் அவளைப் பார்த்தான். “அப்ப வேலையால நிப்பாட்டேல்லையோ?”

“அந்தத் தாங்கிப் பகிடி எனக்கு இன்னும் வந்து சேரேல்ல. அது வருமட்டும் நிப்பாட்ட ஏலாது.”

மெல்ரொன் இயந்திரத்தை முடுக்கினான். ஸ்கந்தபுரம் சந்தி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான்.

“எங்கட பக்கம் ஏன் பைப்பில தண்ணி வாறேல்ல எண்டு எனக்கு இப்பதான் விளங்குது அக்கா. தாங்கி நடந்து போட்டுது.”

*

சனிக்கிழமை ‘தலை மாறிய ஊர்’ வெளியானது. ஊரின் வாசலில் தலையில் தென்னை முளைத்த ஒரு பெண் நின்று, வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். ஜனார்த்தனனின் போனுக்கு மிரட்டல் ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு காலை, கடற்கரையில் பூசை மணி அடித்தது. சனமெல்லாம் கோயிலில் இருந்தது. மூன்றாவது ஒழுங்கைக்கு ஒருவன் நடந்து வந்தான். ஓட்டோவைச் சந்தியிலேயே விட்டிருந்தான். தகரப் படலை கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்த்து உள்ளே போனான்.

விறாந்தையில் மாதா படத்துக்குக் கீழே சித்திரக் கொப்பி இருந்தது. உறையிலிருந்த தாளை எடுத்து, அதன் முன்பக்கத்தில், பிள்ளையின் கேள்வி மேலே தெரியும்படி வைத்தான். காற்றில் பறக்காதிருக்க ஒரு சிப்பியைத் தூக்கி மேலே வைத்தான்.

பிறகு பின்பக்கம் போனான். வள்ளத்தின் எஞ்சின் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சந்தியிலிருந்து கையில் தூக்கிவந்த ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய்க் கானை அதன் அடியில் வைத்தான். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை திருகிப் பார்த்தான்.

படலையைக் கட்டும்போது, தான் அவிழ்த்த அதே முடிச்சைத்தான் போட்டான். கோயிலில் கடைசிப் பாட்டுத் தொடங்கியிருந்தது. சனம் வெளியே வருமுன் அவன் சந்தியைத் தாண்டிவிட்டான்.